தோடம்பழப் படையல்

எனக்கு லேசில் அருவருப்பு வராது. என் வேலை அப்படி. மருத்துவமனையின் நிலக்கீழ்த் தளத்தில், அறுவைச் சிகிச்சை அறைகளிலிருந்து வருகிற கத்திகளையும் கிடுக்கிகளையும் கழுவி, கிருமி நீக்கி, திருப்பி அனுப்புகிறவள் நான். காய்ந்த இரத்தமும் சீழும் எனக்குக் காலைத் தேநீருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் வந்துபோகிற சாதாரண விஷயங்கள். கையுறையைக் கழற்றி, கையைக் கழுவிவிட்டு, அதே தளத்தில் இருந்துகொண்டு புட்டும் மீன்குழம்பும் சாப்பிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிற மகேந்திரராஜா அண்ணையின் வரவேற்பறைக்குள் கால் வைத்ததும் வயிற்றைப் பிரட்டியது.

சுவரில் ஒரு யானையின் படம். கதவளவுக்குப் பெரிதாக்கி, தங்கநிறச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கண்ணாடிக்கு மேலேயே நெற்றியில் சந்தனம், குங்குமம். பெரிய மல்லிகை மாலை. கீழே ஒரு சின்ன மேசையில் குத்துவிளக்கு, வாழைப்பழம், வெள்ளித்தட்டில் தோடம்பழங்கள், அதாவது ஆரஞ்சு. இடது காது கிழிந்த கிழட்டுக் கொம்பன் அது. வருகிற சனம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து அதன் முன்னால் நெற்றியில் குட்டி, தோப்புக்கரணம் போட்டது.

அந்த யானை செத்துப் பத்து நாளாகிவிட்டது. மகேந்திரராஜா அண்ணைக்கு அது தெரியும். நான்தான் அவருக்குச் சொன்னேன்.

முதலிலிருந்து சொல்லாவிட்டால் விளங்காது.

வினுஷா என் அக்காவின் மகள். இங்கே டூங்கபியில் பிறந்து வளர்ந்தவள். ஃபிசியோதெரபி படித்து, பிளாக்டவுனில் நல்ல வேலையும் எடுத்து, ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆபிரிக்காவுக்குப் போய்விட்டாள். சாம்பியாவில், காட்டுக்குள் ஆட்களை நடத்திக் கூட்டிப்போகிற ஒரு நிறுவனத்தில் வழிகாட்டியாகப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். ஜீப் கிடையாது, வேலி கிடையாது. பகலில் காலால் நடந்து மிருகங்களைப் பார்த்து, பொழுதுபட ஆற்றுமணலில் கூடாரம் அடித்துப் படுத்து, விடிய எழும்பி மறுபடியும் நடக்கிற பயணம். அக்கா கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். யாராவது கேட்டால் "மகள் டூரிசத்தில மனேஜர்" என்று சொல்லிச் சமாளித்தாள். பிள்ளை மட்டும் வீடியோ அழைப்பில் வெயிலில் கறுத்து, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். அவளை அப்படிச் சந்தோஷமாக நான் அதற்கு முன் கண்டதில்லை.

அவளுக்கு உரிமம் கிடைக்க ஒரு படிதான் மிச்சமிருந்தது. ஒரு முழுப் பயணத்தை அவளே நடத்திக் காட்டவேண்டும். அவளுடைய மேலாளர், மூலெங்கா என்கிற சாம்பியாப் பெண், பின்னால் நடந்துவந்து எல்லாவற்றையும் பார்ப்பார். "உன்ர ஆக்களையே கூட்டிக்கொண்டு வா எண்டு சொல்லிட்டினம் சித்தி. உங்கட வோக்கிங் குரூப் வருமா?" என்று வினுஷா கேட்டாள்.

எங்கள் சனிக்கிழமை நடைக்குழுவைப் பற்றி என்ன சொல்ல. டூங்கபி ஓடைக்கரையில் நடப்போம். நடந்து கரைத்ததைப் போல இரண்டு மடங்கு வடையை முடிவில் சாப்பிடுவோம். தலைவர் மகேந்திரராஜா அண்ணை, ஓய்வுபெற்ற பொறியியலாளர். கூகிள் இடப்பக்கம் திரும்பச் சொன்னால் அது பிழை என்று வலப்பக்கம் திரும்புகிற மனிதர். அவருடைய மனைவி விமலாதேவி, எனக்கு விமலாக்கா. வினுஷா சின்னவளாக இருக்கையில் அக்காவும் அத்தானும் வேலையால் வரும்வரை விமலாக்கா வீட்டில்தான் நிற்பாள். பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளைக்குச் சோறு தீத்தி, தலை பின்னி விட்டது விமலாக்காதான். இதை நினைவில் வைத்திருங்கள்.

என் கணவர் அருந்தவன் வரமாட்டேன் என்றார். "வன்னியில சண்டைக்குள்ள படுக்கவேண்டிய தரப்பாள் கொட்டிலிலெல்லாம் படுத்து முடிச்சிட்டன். இனி மெத்தைதான்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டார். நான் போனேன். பிள்ளைக்காகப் போனேன்.

முதல்நாள் ஒரு பெரிய மரத்துக்குக் கீழே எங்களை இருத்தி வினுஷா விதிகளைச் சொன்னாள். ஒருவர் பின் ஒருவராக நடக்கவேண்டும். கதைக்கக்கூடாது. அவள் கையைத் தூக்கினால் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். கூடாரத்துக்குள் சாப்பாடு வைக்கக்கூடாது, பழம் அறவே கூடாது. "தோடம்பழம் யானைக்குக் கன தூரத்துக்கு மணக்கும். ஒருக்கா டேஸ்ட் பண்ணிட்டா அது கூடாரத்தைக் கண்ட இடமெல்லாம் வரும். பிறகு ஒண்டில் ஒரு ஆள் சாகும், இல்லாட்டி அந்த யானையைச் சுடுவாங்கள்" என்றாள். எல்லாரும் பெரிதாகத் தலையாட்டினோம். மகேந்திரராஜா அண்ணை மட்டும் ஒரு கேள்வி கேட்டார். கூடாரத்தில் வைஃபை வருமா என்று.

முன்னால் துவக்கோடு ஒரு காவலர், அடுத்ததாக வினுஷா, பின்னால் நாங்கள், கடைசியில் மூலெங்கா. அந்த நடையை நான் மறக்கமாட்டேன். என் சப்பாத்துக்குக் கீழே காய்ந்த இலை நொறுங்குவதே எனக்குச் சத்தமாகக் கேட்டது. ஒட்டகச்சிவிங்கிகள் மரங்களுக்கு மேலால் தலையை நீட்டி எங்களைப் பார்த்தன. பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. அந்த நேரம் பார்த்து மகேந்திரராஜா அண்ணையின் போனிலிருந்து பக்திப்பாட்டு அலறும். ஒருமுறை எருமைக் கூட்டமே திடுக்கிட்டு எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "அலாரத்தை நிப்பாட்ட மறந்துபோனன்" என்று சிரித்தார்.

மலங்கழிக்க ஒரு குழி, பக்கத்தில் மண்வெட்டி. போனவர் மண் போட்டு மூடவேண்டும், அவ்வளவுதான். அண்ணை போன குழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஈரத் துடைதாளைப் பற்றைக்குள் எறிந்துவிட்டு வருவார். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த பக்கம் போனார்கள். நான்தான் மண்வெட்டியால் மூடினேன், தாளைக் குச்சியால் எடுத்து நெருப்பில் போட்டேன். அப்போதும் எனக்கு அருவருப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மடாலாவைக் கண்டது ஒரு பின்னேரம். மடாலா என்றால் அங்கத்தைய பேச்சில் கிழவன். அந்தப் பகுதியில் எல்லா வழிகாட்டிகளுக்கும் தெரிந்த கிழட்டு ஆண்யானை அது. ஆற்றின் அக்கரையில் நின்று, கிழிந்த இடது காதை ஆட்டியபடி எங்களை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. "ஹி இஸ் அ ஜென்டில்மன்" என்றாள் வினுஷா, மெல்லிய குரலில். விமலாக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அழத் தொடங்கினா. "பிள்ளையாரப்பா, நேர வந்திட்டியே" என்று முணுமுணுத்தா. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் மயிர் கூச்செறிந்தது.

அன்றைக்குத் தொடங்கியது படையல். எனக்கு அப்போது தெரியாது. விமலாக்கா சிட்னியிலிருந்து அவலும் சர்க்கரையும் கொண்டுவந்திருந்தா. அண்ணை அங்கே சந்தையில் ஒரு பை தோடம்பழம் வாங்கி, அதைத் தன் அழுக்கு உடுப்புக்குள் சுருட்டி வைத்திருந்தார். பொழுதுபடும் நேரம், நாங்கள் நெருப்பைச் சுற்றித் தேநீர் குடிக்கையில், இருவரும் தங்கள் கூடாரத்துக்குப் பின்னால் இருந்த மரத்தடியில் கடதாசித் தட்டில் படைத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். விடியத் தட்டு வெறுமையாக இருக்கும். பிள்ளையார் வந்து ஏற்றுக்கொண்டார் என்று புருஷனும் பெண்சாதியும் கண்ணால் கதைத்துக்கொண்டார்களாம்.

வினுஷா ஒவ்வொரு பின்னேரமும் கூடாரம் கூடாரமாக வந்து சாப்பாடு இருக்கிறதா என்று பார்ப்பாள். விதிப்படி பையைத் திறந்து பார்க்கவேண்டும். என் பையைத் திறந்தாள், மற்றவர்களின் பையைத் திறந்தாள். விமலாக்காவின் கூடார வாசலில் மட்டும் நின்று, "அன்ரி, சாப்பாடு ஏதும் இருக்கோ?" என்று வாயால் கேட்டாள். "இல்லையம்மா, ஒண்டுமில்லை" என்று உள்ளேயிருந்து பதில் வரும். பிள்ளை போய்விடுவாள். தனக்குச் சோறு தீத்தினவரின் பைக்குள் அவள் எப்படிக் கையை விடுவாள்?

கடைசி நாள், நிலம் வெளிக்கிற நேரம், துணி கிழிகிற சத்தத்தில் எழும்பினேன். எங்கள் கூடாரங்களுக்கு நடுவில் மடாலா நின்றது. கோபமில்லை, அவசரமுமில்லை. நேராக விமலாக்காவின் கூடாரத்துக்குப் போய், தும்பிக்கையால் துணியைக் கிழித்து, பையை இழுத்து வெளியே எடுத்தது. விமலாக்கா கட்டிலுக்குக் கீழே கிடந்து கத்தினா. காவலர் வானத்தைப் பார்த்துச் சுட்டார். மூலெங்கா சட்டியைத் தட்டித் தட்டிக் கூச்சல் போட்டார். வினுஷா யானைக்கும் கூடாரத்துக்கும் நடுவில் போய்க் கையை விரித்து நின்றாள். பையிலிருந்து தோடம்பழங்கள் மணலில் உருண்டன. மடாலா இரண்டை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டு, திரும்பி நடந்து போனது. மகேந்திரராஜா அண்ணை இதற்குள் படம் எடுத்து முடித்திருந்தார்.

மூலெங்கா தோடம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யார் இதற்கு அனுமதி கொடுத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தானும் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "இது எங்கட கலாசாரம். இந்தப் பிள்ளையும் எங்கட பிள்ளை. அவளுக்கு இது தெரியும்."

வினுஷாவின் முகம் செத்துப்போனது. மூலெங்கா அவளிடம், நீ பையைத் திறந்து பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். அதற்குமேல் மூலெங்கா ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பிவருகையில் சிட்னி விமான நிலையத்தில் ஒரு காட்சி. பையின் அடியில் ஒட்டிக்கிடந்த ஒரு சிட்டிகை அவலுக்காக அண்ணை தானாகவே போய் அறிவிக்கிறவர்களின் வரிசையில் நின்றார். அதிகாரியின் நாய் மணந்து பார்க்க முதலே பெட்டியைத் திறந்து காட்டினார். "இந்த நாட்டுச் சட்டத்தை நாங்கள் மதிக்கவேணும், சிவாஜினி" என்று எனக்குப் புத்தியும் சொன்னார். அந்த இடத்தில்தான் எனக்கு முதல்முறை அருவருப்பு வந்தது.

சில வாரங்கள் போக, மதியச் சாப்பாட்டு நேரம் வினுஷாவின் அழைப்பு வந்தது. அங்கே அதிகாலை. முகம் வீங்கியிருந்தது. மடாலா வேறொரு முகாமுக்குப் போய்க் குசினிக் கூடாரத்தை இழுத்து விழுத்தியிருக்கிறது. உள்ளேயிருந்த சமையற்காரரின் கை நொறுங்கிவிட்டது. அதிகாரிகள் வந்து மடாலாவைச் சுட்டுவிட்டார்கள். அதுதானா என்று அடையாளம் காட்ட இவளைக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

"காதைப் பாத்துட்டு ஓம் எண்டு சொன்னன் சித்தி. வாய்க்குள்ள ஈ போய் வந்துகொண்டிருந்தது. ஐ கான்ட் ஸ்டாப் சீயிங் இட்."

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்றவர்களின் பையைத் திறந்தவள் இவர்களின் பையை மட்டும் திறக்கவில்லை. தெரிந்துகொண்டே தன் ஆட்களுக்கு இடம் கொடுத்தாள் என்றுதான் மூலெங்கா நம்புகிறார். நம்பாமல் என்ன செய்வார்? அண்ணையே வாயால் சொன்னாரே. விசாரணை முடியமுன் அவர் அதைத் திருத்தாவிட்டால் இவளுக்கு அந்த நாட்டில் மட்டுமல்ல, எந்தக் காட்டிலும் வேலை கிடையாது.

"அங்கிளும் அன்ரியும் ஒருக்கா சொன்னாக் காணும் சித்தி. நான் கேட்டனான், தாங்கள்தான் இல்லை எண்டு சொன்னவை எண்டு. அவ்வளவுதான். நான் கோல் எடுத்தன், அங்கிள் எடுக்கிறார் இல்லை."

அன்றைக்கே குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் போனேன். படம் அப்போதே சுவரில் ஏறிவிட்டது. அண்ணை சாய்மனைக் கதிரையில் இருந்தார். விமலாக்கா குசினிக்குள் வடை சுட்டுக்கொண்டிருந்தா. நான் மடாலாவைச் சுட்டதைச் சொன்னேன், சமையற்காரரின் கையைச் சொன்னேன், பிள்ளையின் நிலைமையைச் சொன்னேன். அவர் முதலில் எட்டிக் குசினிக் கதவைச் சாத்தினார்.

"உதை விமலாவுக்குச் சொல்லிப்போடாதையும். அவ தாங்கமாட்டா."

"சரி, சொல்லமாட்டன். நீங்கள் மூலெங்காவோட ஒருக்காக் கதையுங்கோ அண்ணை. பிள்ளை கேட்டவள், நாங்கள் ஒளிச்சிட்டம் எண்டு சொல்லுங்கோ."

"நான் ஒளிச்சனானோ? என்ன கதை கதைக்கிறீர்? படையல் போட்டது ஒரு குற்றமே? சுட்டவன்தான் பாவி. அவனைப் போய்க் கேளும்."

"வினுஷான்ர வாழ்க்கை அண்ணை."

"வாழ்க்கையோ? காட்டுக்குள்ள குழி தோண்டிறதோ ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர வாழ்க்கை? நல்லதாப் போச்செண்டு கூட்டிக்கொண்டு வந்து கலியாணத்தைப் பேசச் சொல்லும் உம்மட அக்காவை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச பாரும் சிவாஜினி. சனம் நம்பிக்கையோட வருது. படத்துக்கு முன்னால நிண்டு கும்பிட்டாப் போல கோயில்ல காணுற சேகரின்ர மோனுக்கு இஞ்ச நிரந்தரமா இருக்கிற பி.ஆர். விசா கிடைச்சிருக்கு. வாற ஞாயிறு பூசை வைச்சு எல்லாருக்கும் தரிசனக் கதை சொல்லப்போறன். இப்ப போய்ச் செத்தது, சுட்டது எண்டு அபசகுனமாக் கதைக்காதையும்."

சமையற்காரரின் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விமலாக்கா கதவைத் திறந்துகொண்டு வந்து, சூடான வடைத் தட்டை என் முன்னால் வைத்தா. "பசியில்லை அக்கா" என்று எழும்பி வந்துவிட்டேன்.

காருக்குள் இருந்து அழுதேன். அழுது முடிய மண்டை வேலை செய்தது. இந்த மனிதரிடம் உண்மையைக் கெஞ்சி வாங்கமுடியாது. ஆனால் கைதட்டக் கொஞ்சப் பேர் முன்னால் இருந்தால் கேட்காததையும் சொல்லுவார். நடைக்குழுவில் எத்தனை வருஷம் இவருடைய கதைகளைக் கேட்டிருக்கிறேன். தன்னைத் தடுத்தவர்களையும் தான் அவர்களை வென்றதையும் சொல்லாமல் அவர் ஒரு கதையையும் முடித்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். அதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன நாள். கராஜ் முழுக்கச் சப்பாத்துகள். இலங்கைச் சனம், இந்தியச் சனம், எல்லாரும் பட்டும் வேட்டியுமாக நின்றார்கள். பூசை முடிந்ததும் அண்ணை படத்துக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியோடு நின்றார். எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நானும் தூக்கிப் பிடித்தேன்.

தரிசனக் கதை தொடங்கியது. ஆற்றங்கரை, அந்திநேரம், அக்கரையில் யானைமுகன். சனம் வாயைப் பிளந்து கேட்டது. கூடாரம் கிழிந்த இடத்தில், பிள்ளையார் நேரடியாக வந்து "விமலாவின்ர கையால" பிரசாதம் வாங்கினார் என்றார். விமலாக்கா அப்போது கட்டிலுக்குக் கீழே கிடந்ததை நான் கண்ணால் கண்டவள். பல்லைக் கடித்துக்கொண்டு, தேன் ஒழுகுகிற குரலில் கேட்டேன்.

"அண்ணை, அங்க பழம் வைக்கவே விடமாட்டினமே. நீங்கள் எப்பிடி வைச்சனீங்கள்?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். சந்தேகம் வந்ததோ என்னவோ. ஆனால் முன்வரிசையில் ஒருவர், "ஓம், அதைச் சொல்லுங்கோ!" என்றார். அது போதுமாக இருந்தது.

"ஓம், விடமாட்டினம்! கடும் சட்டம்! ஆனா எங்களுக்கு விளையாட்டுக் காட்ட ஏலுமே? நான் தோடம்பழத்தை அழுக்குக் காற்சட்டைக்குள்ள சுத்தி வைச்சனான். எவன் அதைத் திறந்து பாப்பான்?" சனம் சிரித்தது.

"வினுஷா பிள்ளை ஒண்டும் கேக்கேல்லையோ அண்ணை?"

"கேட்டவள், கேட்டவள். பின்னேரத்துக்குப் பின்னேரம் வந்து 'அன்ரி சாப்பாடு ஏதும் இருக்கோ' எண்டு கேட்டவள். விமலா என்ன சொன்னவ தெரியுமே?"

விமலாக்கா வெட்கத்தோடு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "ஒண்டுமில்லையம்மா எண்டு சொன்னனான்" என்றா.

"பாவம் பிள்ளை, நம்பிப்போட்டுப் போயிடுவாள்! அவளுக்குக் கடைசி மட்டும் ஒண்டும் தெரியாது! கடவுள் காரியத்துக்குச் சொல்லுற பொய் பொய்யே? சொல்லுங்கோ!"

அப்போதுதான் அவர்கள் கைதட்டினார்கள். சும்மா தட்டவில்லை. நெடுநேரம், மனமார, சிரித்துச் சிரித்துத் தட்டினார்கள். டொக்டர்கள், கணக்காளர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள். தங்கள் பிள்ளைகள் பொய் சொன்னால் உதட்டில் சுண்டுகிறவர்கள். எனக்கு வேண்டியது போனுக்குள் ஏறிவிட்டது. பேசாமல் வெளியே போயிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"அந்த யானை செத்துப்போச்சு" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "உங்கட தோடம்பழத்தைத் தேடி அடுத்த முகாமுக்குப் போனது. அங்க ஒரு மனிசன்ர கையை நொறுக்கிப்போட்டுது. அதைச் சுட்டுப்போட்டாங்கள். பத்து நாளாச்சு. அண்ணைக்குத் தெரியும்."

விமலாக்கா புருஷனைப் பார்த்தா. அவர் முகத்தில் இரத்தம் வற்றிப் பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"பாத்தியளே," என்றார் தழுதழுத்த குரலில், "எங்கட கையால கடைசிப் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு மோட்சத்துக்குப் போயிட்டார்."

யாரோ "பிள்ளையாரப்பா" என்று விம்மினார்கள். கைகள் ஒவ்வொன்றாகக் கூடின. விமலாக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டா. பிறகு சர்க்கரைப்பொங்கலுக்கு வரிசை நின்றது.

கராஜில் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருக்கையில் பின்னால் ராதா வந்தா. எங்கள் தெருவில் இருக்கிற, சென்னையிலிருந்து வந்த பெண், நல்ல மனம். என் தோளைத் தொட்டு, "ரொம்ப உருக்கமா இருந்துச்சு சிவாஜினி. நாங்களும் போகணும்னு இருக்கோம். எந்த மாசம் போனா யானை நெறைய பாக்கலாம்? மோதகத்தை ஃப்ரீஸ் பண்ணி எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டா.

வீதியோரப் புல்லில் போய்க் குனிந்து நின்றேன். காலையில் குடித்த தேநீர் முழுக்க வெளியே வந்தது.

காணொளியை அன்றைக்கே வினுஷாவுக்கு அனுப்பினேன். சில நாட்களுக்குப் பிறகு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. மூலெங்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, ஒரு வசனம் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். தன் சொல்லை நம்பாவிட்டால் வேறு யாரையாவது கொண்டு மொழிபெயர்த்துப் பார்க்கவும் சொல்லியிருக்கிறாள். அவர்களும் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். குற்றம் நீங்கிவிட்டது. பையைத் திறக்காததற்கு ஒரு கண்டிப்பு, திரும்பவும் ஒரு பயணம் நடத்திக் காட்டவேண்டும், அதோடு சரி. எனக்குக் கண்ணீர் முட்டியது. ஆனால் அவள் முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை.

"ஏன் பிள்ளை ஒரு மாதிரி இருக்கிறாய்? மூலெங்கா ஏசினவவோ?"

"இல்லை சித்தி. அவ ஒண்டே ஒண்டுதான் கேட்டவ. நான் எல்லாத்தையும் சொல்லி முடிய, அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னவ. இவையள் எல்லாரும் எதுக்குக் கை தட்டுகினம் எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனி?"

அவளுக்குப் பின்னால் யாரோ சட்டி கழுவுகிற சத்தம் கேட்டது.

"எனக்கு அவ்வளவு தமிழ் விளங்காது எண்டு சொல்லிட்டன், சித்தி."